வாக்கும் விரதமும்

(தேசிய வாக்காளர் நாளை ஒட்டி 25.1.2025 அன்று நம் அறக்கட்டளையின் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன்.

 

இந்தியத் தேர்தல் ஆணையம் 1950ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. அதன் நினைவாக 2011 முதல் இந்நாள் தேசிய வாக்காளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. "வாக்களிப்பதைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டுமா?" என்னும் தலைப்பில் பேசுமாறு அறங்காவலர்கள் பணித்தார்கள். தமிழாசிரியனுக்கு அரசியல் தலைப்பா என்று முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்க்கையில், இஃது அரசியலைக் காட்டிலும் அறவியலுக்கு நெருங்கிய பொருளாகத் தோன்றியது. ஆகவே ஒப்புக்கொண்டேன்.

நம் பெருமான் வர்த்தமானர் பிறந்த நாட்டிலிருந்தே தொடங்குவோம். அவர் பிறந்த குண்டகிராமம் வைசாலியை அடுத்தது. அவருடைய அன்னை வைசாலிச் சேடக மன்னனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்காலத்து வைசாலி தனியொரு மன்னனின் ஆட்சியில் இருந்ததன்று. லிச்சவியர் முதலிய குடித்தலைவர்கள் மன்றில் கூடி முடிவெடுத்த கண அரசு. வச்சி நாட்டார் அடிக்கடியும் முழுமையாகவும் மன்றில் கூடும்வரையில் அவர்களுக்குத் தாழ்வில்லை என்று புத்தர் கருதியதாகப் பௌத்தத் திருமுறையாகிய மகாபரிநிப்பான சுத்தம் கூறுகிறது. அந்த நாட்டைப் படையெடுத்து வெல்வது அரிது என்பதை மகத மன்னன் அசாதசத்துரு உணர்ந்தான். தன் அமைச்சனை அனுப்பி அவர்களுக்குள் பிளவை விதைத்தான். பின்னர் மகதப் படை வந்தபோது வைசாலியில் மன்றக் கூட்ட முரசு அறையப்பட்டது. எவரும் வரவில்லை. "தலைவர்கள் போகட்டும், வீரர்கள் போகட்டும், நமக்கென்ன" என்று அவரவர் இல்லத்தில் இருந்துவிட்டனர் என்று பிற்காலப் பௌத்த உரை குறிக்கிறது. நகரம் வீழ்ந்தது.

அந்த மன்றில் அமர்ந்தோர் உயர்குடித் தலைவர்கள் மட்டுமே. உழவருக்கும் பெண்டிருக்கும் அங்கே இடமில்லை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முரசு ஒலிக்கும்போது "நமக்கென்ன" என்று இருந்துவிட்டதால் ஒரு நாடு வீழ்ந்தது என்பதும், அது நம் பெருமான் பிறந்த நாடு என்பதும் இன்று நாம் நினைக்கத்தக்கவை.

தமிழகத்திற்கு வருவோம். அகநானூற்றின் 77ஆம் பாடலில் குடவோலை எடுக்கும் வழக்கம் உவமையாக வருகிறது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டிப் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அம்முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சூதறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். 35 அகவைக்கு மேலும் 70 அகவைக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயரிடப் பெறார். சபை கூடும்போது இளையோரும் முதியோரும் உட்பட உறுப்பினர் அனைவரும் வந்திருத்தல் வேண்டும் என்னும் விதியும் அங்கே உண்டு. ஆக, "கட்டாயம் வரவேண்டும்" என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று.

ஆனால் அந்தக் குடத்தில் யாருடைய ஓலை இருந்தது? வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையவர் ஓலை மட்டுமே. அண்மையில் திருப்பருத்திக்குன்றத்தில் வாழ்ந்த நம் சமண முன்னோரின் ஓலை அங்கே இருந்திருக்க வழியில்லை. பெண்களின் ஓலையும் இல்லை; நிலமற்ற உழவரின் ஓலையும் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலும் சொத்தும் வரியும் கல்வியும் அளவுகோல்களாக இருந்தன. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அதுவும் சொத்துடைய சிலருக்கே பயன்பட்டது. இவற்றையெல்லாம் ஒரே வீச்சில் களைந்தது நம் அரசமைப்பின் 326ஆம் பிரிவு. எழுத்தறிந்தவர், அறியாதவர், செல்வர், வறியவர் என்னும் வேறுபாடின்றி வயது வந்தோர் அனைவருக்கும் ஒரே வாக்கு. 21 என்றிருந்த அகவை வரம்பு, 61ஆம் திருத்தத்தால் 1989இல் 18 ஆயிற்று.

முதல் பொதுத்தேர்தல் 1951–52இல் நடந்தபோது பதிவான வாக்கு ஏறத்தாழ 45 விழுக்காடு. 2019இல் அது 67 விழுக்காட்டைக் கடந்தது. 2024இல் ஏறத்தாழ 66. இது வளர்ச்சியே. எனினும் கடந்த ஆண்டு வாக்காளர் பட்டியலில் இருந்தோர் ஏறத்தாழ 98 கோடி. வாக்களித்தோர் 64 கோடிக்குச் சற்று மேல். எஞ்சிய 33 கோடிப் பேர் எங்கே?

தமிழகத்தின் கணக்கைப் பாருங்கள். கடந்த ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. மாநிலம் முழுவதற்கும் ஏறத்தாழ 70 விழுக்காடு. தருமபுரியில் 81. பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த, நடந்து போகும் தொலைவில் வாக்குச்சாவடி உள்ள மத்திய சென்னையில் 54. அந்த வெள்ளியைத் தொடர்ந்து சனி, ஞாயிறு. ஞாயிறு 21ஆம் நாள் மகாவீரர் ஜெயந்தி. தொடர்ந்து மூன்று நாள் ஓய்வு கிடைத்தது என்று வெளியூர் சென்றவர்களில் நம்மவரும் இருந்தார்கள். பெருமானின் பிறந்தநாளுக்காகச் சென்றோம் என்று அவர்களில் சிலர் கூறக்கூடும். நான் அவர்களைக் குறைகூற வரவில்லை. குறைகூறும் தகுதி எனக்கில்லை என்பதைச் சிறிது நேரத்தில் சொல்வேன்.

வாராதோர் அனைவரும் சோம்பலால் வாராதவர் அல்லர். மறைந்தவர்களின் பெயரும், ஊர் மாறியவர்களின் பெயரும் பட்டியலில் தங்கியிருக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே கட்டடம் எழுப்பும் தொழிலாளியின் வாக்கு அவனுடைய ஊரில் இருக்கிறது. ஒரு நாள் வாக்குக்காக ஒரு வாரக் கூலியை இழக்க அவனால் இயலாது. நோயாளிக்குத் துணையிருப்பவர், பயணத்தில் இருப்பவர் எனப் பலர் உண்டு. இவர்களை நீக்கிய பிறகும், வர இயன்றிருந்தும் வராதவர்கள் பெருந்தொகையினர். நம் வினா அவர்களைப் பற்றியதே.

அவர்களைச் சட்டத்தால் வரவழைக்கலாமா? அநேகாந்தம் கற்பித்த மரபில் வந்தவர்கள் நாம். ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கண்டு முடிவுகட்டுதல் நமக்கு ஆகாது. இரு பக்கமும் காண்போம்.

கட்டாயம் வேண்டும் என்போர் முதலில் சுட்டுவது ஆஸ்திரேலியாவை. அங்கே 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் 60 விழுக்காட்டிற்கும் குறைவானோர் வாக்களித்தனர். 1924இல் கட்டாயச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே 91 விழுக்காடு. தக்க காரணமின்றி வராதவர்க்குக் கூட்டாட்சித் தேர்தலில் 20 டாலர் தண்டம், பெருந்தொகையன்று. வாக்களியாதிருத்தலே தம் சமயக் கடமை என்று ஒருவர் கருதினால் அதையும் தக்க காரணமாக அச்சட்டம் ஏற்கிறது. வாக்குப்பதிவு சனிக்கிழமைகளில் நடக்கிறது. முன்கூட்டி வாக்களிக்கவும் அஞ்சலில் அனுப்பவும் வாய்ப்புண்டு. பெல்ஜியம் 1893 முதலே கட்டாய முறையைக் கொண்டிருக்கிறது. நம் தமிழர் பலர் குடிமக்களாக வாழும் சிங்கப்பூரில் 1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலிருந்து வாக்களிப்பு கட்டாயம். வாராதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தக்க காரணம் இல்லையேல் 50 வெள்ளி செலுத்தித்தான் மீளச் சேர்க்க முடியும்.

இவர்கள் கூறும் இரண்டாவது காரணம் கணக்கு. நூறு பேர் உள்ள ஊரில் 60 பேர் வாக்களித்து, அதில் 24 பேரின் ஆதரவைப் பெற்றவர் வென்றால், ஊரில் நான்கில் ஒரு பங்கினரின் விருப்பம் ஊரனைத்தையும் ஆள்கிறது. மூன்றாவது காரணம் நம் மாநிலத்திற்கு மிகவும் பொருந்துவது. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல், பணம் தொடர்பான குற்றச்சாட்டால் நிறுத்தப்பட்டு, ஆகத்து மாதத்தில் நடத்தப்பட்டது. ஓர் ஊரில் 1000 வாக்காளர் இருக்க, 100 பேரை ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டார் என்று கொள்வோம். ஆயிரவரும் வாக்களித்தால் விற்ற வாக்கு பத்தில் ஒன்று. 500 பேர் மட்டுமே வந்தால் ஐந்தில் ஒன்று. வீட்டில் இருந்துவிட்ட நல்லவர்கள் ஒரு காசும் வாங்காமலேயே விற்ற வாக்கின் வலிமையை இரு மடங்காக்கிவிடுகிறார்கள். கள்ளாமை விரதம் பூண்டவர்கள் இந்தக் கணக்கைச் சிந்திக்க வேண்டும்.

இனி மறுபக்கம். வாக்களியாதிருத்தலும் ஒரு கருத்தே என்பர் சிலர். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்களிக்கும் உரிமையோடு வாக்களிப்பதைத் தவிர்க்கும் உரிமையையும் தேர்தல் உரிமை என்பதன் விளக்கத்துள் சேர்த்திருக்கிறது. எவரையும் விரும்பாதவர் அதையும் பதிவு செய்யலாம் என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக வந்ததே "மேற்கண்ட எவருமில்லை" என்னும் பொத்தான். 2024இல் இந்தூர்த் தொகுதியில் அந்தப் பொத்தானை அழுத்தியோர் 2 இலட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அதனால் தேர்தல் முடிவு மாறவில்லை. ஆயினும் வீட்டிலிருந்தோர் எவருக்கும் கேட்காத ஒன்றை அவர்கள் நாட்டிற்குக் கேட்கச் செய்தார்கள்.

நம் நாட்டிலேயே இம்முயற்சி நடந்தது. உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பைக் கட்டாயமாக்கும் சட்டமுன்வரைவைக் குசராத்துச் சட்டமன்றம் 2009இல் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2014இல் ஒப்புதல் பெற்றது. வாராதவர்க்கு 100 ரூபாய் தண்டம் என்று 2015இல் விதி வந்தது. அதே ஆண்டு ஆகத்தில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தினேசு கோசுவாமி குழு 1990இல் இக்கருத்தை ஆராய்ந்து, நடைமுறைக்கு ஒவ்வாதென விடுத்தது. சட்ட ஆணையமும் 2015ஆம் ஆண்டின் 255ஆம் அறிக்கையில் கட்டாயம் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. நெதர்லாந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கட்டாய முறையை வைத்திருந்து 1970இல் கைவிட்டது. சிலி நாடோ 2012இல் கைவிட்டு, 2022இல் மீண்டும் ஏற்றது. உலகம் இவ்வினாவில் இன்னும் ஒருமித்த விடையை எட்டவில்லை.

தண்டத்தின் சுமை யார் மேல் விழும் என்பதையும் காணவேண்டும். நூறு ரூபாய் ஒரு வணிகருக்குத் தேநீர்ச் செலவு. கூலி வேலைக்காரருக்கு ஒரு வேளை அடுப்பு. முன்னவர் தண்டத்தைக் கட்டிவிட்டு வீட்டில் இருப்பார். பின்னவர் அஞ்சி வரிசையில் நிற்பார். கோடிக்கணக்கானோருக்கு அறிவிப்பு அனுப்பி, விளக்கம் கேட்டு, தீர்ப்புச் சொல்ல எத்தனை அலுவலர் வேண்டும்? கட்டாயத்திற்காக வந்தவர், பட்டியலில் முதலில் இருக்கும் பெயரையே அழுத்திச் செல்லவும் கூடும். வேட்பாளர்களுக்கு வரிசையாக எண்ணிட்டுச் செல்லும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் சிலரிடம் உண்டு. அங்கே 1984 முதல் கீழவைத் தேர்தலிலும் பெயர் வரிசையைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். நம் குடவோலை நினைவுக்கு வரவில்லையா?

இவ்விரு பக்கங்களையும் கண்ட பின் நம் நூல்கள் என்ன வெளிச்சம் தருகின்றன என்று தேடினேன். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் வினைக்கட்டுக்குக் காரணமாக ஐந்தைக் கூறும். மித்தியாத்துவம், விரதமின்மை, பிரமாதம், கசாயம், யோகம் என்பன அவை. நடுவில் நிற்கும் பிரமாதம் என்பதற்குத் தமிழில் சோர்வு, மறதி, கருத்தின்மை என்று பொருள் கொள்ளலாம். அந்நூல் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தும் பிரமாதத்தையே அடிப்படையாக வைக்கிறது. தீய எண்ணம் மட்டுமே தீங்கு என்று நாம் நினைத்திருக்க, கருத்தின்றி இருத்தலும் தீங்கே என்பது அதன் கருத்து. நம் மரபு தன்னுடைய நூலாகப் போற்றும் திருக்குறளும் பொச்சாவாமைக்கும் மடியின்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்திருக்கிறது. இரண்டும் பொருட்பாலில், அரசியலில் இடம்பெற்றுள்ளன.

மற்றொன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகைப்படும் என்று சிறு வயதிலேயே நமக்குக் கற்பிக்கிறார்கள். நம் கையால் ஓர் உயிருக்கு ஊறு செய்யாதிருத்தல் முதற்படி. பிறரைக் கொண்டு செய்வியாதிருத்தல் இரண்டாம் படி. செய்வாருக்கு உடன்படாதிருத்தல் மூன்றாம் படி. ஆட்சியாளர் செய்யும் அனைத்தும் நம் பெயரால், நம் வரிப்பணத்தால் செய்யப்படுகின்றன. ஆகவே அவர்களைத் தேர்வது செய்வித்தலின் பாற்படும். "நான் வாக்களிக்கவில்லை, ஆகவே எனக்குப் பொறுப்பில்லை" என்பவர் வரியையும் செலுத்தாதிருந்தாரா? அரசின் சாலையிலும் காவலிலும் பங்கு கொள்ளாதிருந்தாரா? இல்லையெனில் அவருடைய மௌனம் உடன்பாடாகவே கணக்கில் சேரும்.

"அரசியல் என்பது கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கசாயங்களின் களம்; அதிலிருந்து விலகுவதே சமணம்" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கூறினார். அவரை மதிக்கிறேன். ஆனால் நம் ஆசாரியர்கள் முனிவருக்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் எனப் பிரித்தே வைத்தார்கள். தொழிலிலும் இல்லப் பணியிலும் தற்காப்பிலும் நேரும் தீங்கினை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது என்பதை ஏற்று, அதைக் குறைத்துக்கொள்ளும் வழியைக் காட்டினார்கள். முனிவர் உலகியலிலிருந்து விலகி நிற்பது துறவு. கடையும் கணக்கும் வீடும் வாசலும் உடைய நாம் அன்று ஒரு நாள் மட்டும் முனிவராவது சோர்வு.

இப்போது நான் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருகிறேன்.

ஆசிரியப் பணியில் இருந்தவன் ஆதலால், பல தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலனாக இருந்திருக்கிறேன். முதல் நாள் மாலையே பெட்டியோடும் படிவங்களோடும் போய், வகுப்பறைப் பலகையில் படுத்து, விடியுமுன் எழுந்து சாவடியை ஒழுங்கு செய்வோம். முதல் அலுவலர் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும். வந்தவர் பெயரின் கீழ்க் கோடிட வேண்டும். பெண்டிராயின் ஒரு குறியும் சேர்த்திட வேண்டும். மாலையில் பட்டியலைப் புரட்டினால் கோடிடப்படாத பெயர்கள் பக்கம் பக்கமாக நிற்கும். படித்தவர் வாழும் தெருக்களின் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதைக் கண்டு நான் வருந்தியதுண்டு. சில வேளை சினந்ததும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சட்டமன்றத் தேர்தல் முடிந்து பள்ளி திறந்த வாரம். குடவோலை பற்றிய பாடத்தை நடத்திவிட்டு, வாக்களிப்பது கடமை என்று சற்று மிகையாகவே முழங்கினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் தாய் வெளியூர்ச் செங்கல் சூளையில் வேலை செய்பவர். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி வந்து வாக்களித்ததாகக் கூறினான். பிறகு, "ஐயா, நீங்கள் வாக்களித்தீர்களா?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை; அறியும் ஆவலோடுதான் கேட்டான். "எனக்குத் தேர்தல் பணி இருந்ததப்பா" என்றேன். அவன் தலையசைத்து அமர்ந்தான்.

நான் சொன்னது பொய்யன்று, உண்மையும் அன்று. தேர்தல் பணியாளர்க்கு அஞ்சல் வாக்கு உண்டு. பயிற்சி வகுப்பிலேயே விண்ணப்பம் கொடுத்தேன். வாக்குச்சீட்டும் உறைகளும் என் கைக்கு வந்தன. உறுதிமொழிப் படிவத்தில் ஒருவர் சான்றொப்பம் இடவேண்டும். அதற்குத் தகுதியுள்ள அலுவலர் எங்கள் பள்ளியிலேயே இருந்தார். நாளை, நாளை என்று தள்ளி, அந்த உறையை அகராதியின் பக்கங்களுக்கு இடையில் வைத்தேன். வாக்கு எண்ணிக்கை முடிந்த பின் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. ஊரார் விரல்களில் நாள் முழுவதும் மையிட்டவனின் பெயர் அவனுடைய ஊர்ப் பட்டியலில் பயன்படா வாக்காகக் கிடந்தது. அவ்வாறு நேர்ந்தது அந்த ஒரு முறை மட்டும் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு விரதங்கள் அன்று பழுதாயின. உறையை மறந்தது பிரமாதம். மாணவனிடம் அரையாக மறுமொழி கூறியது வாய்மைக்கு நேர்ந்த குற்றம். மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பணி ஓய்வு பெற்றும் ஆண்டுகள் கடந்துவிட்டன. செய்த பிழையை உணர்ந்து மீளுதலைப் பிரதிக்கிரமணம் என்கிறோம். இந்த அவையை அதற்குரிய இடமாகக் கருதிச் சொல்லிவிட்டேன்.

இதனால் எனக்கொரு தெளிவும் பிறந்தது. அந்நாளில் 100 ரூபாய் தண்டம் இருந்திருந்தால் நான் உறையை அனுப்பியிருப்பேனா? உறுதியாக அனுப்பியிருப்பேன். ஆகவே தண்டத்தால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது வாக்குச்சீட்டை உரிய இடத்தில் சேர்க்கும். ஆனால் அந்த மாணவனின் வினா என்னை இத்தனை ஆண்டுகள் தொடர்ந்ததைப் போல ஒரு தண்டச் சீட்டு தொடர்ந்திருக்காது; கட்டிய மறுநாளே மறந்திருப்பேன். விரதம் என்பது தானே முன்வந்து, அறிந்து, சான்றோர் முன் ஏற்பது. பிறர் திணித்தால் அது பட்டினியாகுமே தவிர நோன்பாகாது. ஆகவே, பிற நாடுகளின் அனுபவத்தை மதித்தாலும், நம் நாட்டின் இன்றைய நிலையில் தண்டத்தோடு கூடிய கட்டாயச் சட்டம் வேண்டாம் என்பதே என் முடிவு. அதற்கு ஈடாக நாம் எதையேனும் வைக்க வேண்டும். ஒன்றும் வையாமல் "சட்டம் வேண்டாம்" என்று மட்டும் சொல்வது மீண்டும் சோர்வுக்கே துணைபோகும்.

"நாம் சிறுபான்மையினர், நம் வாக்கால் என்ன ஆகும்?" என்பார் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். சிறு தொகைதான். ஆனால் 2021இல் தியாகராய நகர்ச் சட்டமன்றத் தொகுதியின் வெற்றி 137 வாக்குகளில் அமைந்தது. 2004இல் கருநாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஒரே ஒரு வாக்கு வெற்றியை முடிவு செய்தது. அருணாசலப் பிரதேசத்தின் மாலோகத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காக மலைப்பாதையில் நெடுந்தொலைவு நடந்து சென்று சாவடி அமைக்கிறார்கள். நாட்டின் முதல் வாக்காளர் எனப் போற்றப்பட்ட இமாசலத்துச் சியாம் சரண் நேகி 1951 அக்டோபரில் தம் முதல் வாக்கை அளித்தார். 2022 நவம்பரில் 105ஆம் அகவையில் மறையும் முன்னர், சில நாளுக்கு முன்புதான் தம் இறுதி வாக்கையும் அளித்திருந்தார். அவரும் பள்ளி ஆசிரியர். அவரை நினைக்கும்போதெல்லாம் என் அகராதி நினைவுக்கு வருகிறது.

அறக்கட்டளைக்கு நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் இல்லங்களில் 17 அகவை நிரம்பிய பிள்ளைகளின் பட்டியலை எடுப்போம். 18 நிறைவதற்கு முன்னரே ஆறாம் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை என்றிருந்த தகுதி நாள் இப்போது சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள் என நான்காகியுள்ளது. வீடு மாறியவர் எட்டாம் படிவம் தரவேண்டும். மறைந்த பெரியவர்களின் பெயரை நீக்க ஏழாம் படிவம் உண்டு. அன்புக்குரியவர் பெயரை நீக்க மனம் வராதுதான், ஆயினும் அதுவும் நம் கடமையே.

இரண்டாவது, வாக்குப்பதிவு நாளில் ஊதியத்தோடு விடுமுறை அளிக்கவேண்டும் என்பது சட்டத்தின் 135ஆ பிரிவு. நம்மில் பலர் கடையும் பட்டறையும் நடத்துபவர்கள். கடையை மூடிவிட்டுக் கூலியைப் பிடித்தால், நாம் வாக்களித்து நம் பணியாளரின் வாக்கைக் கெடுத்தவர்கள் ஆவோம். வெளிமாநிலத்துத் தொழிலாளர் ஊர் சென்று வாக்களிக்க விரும்பினால் அவர்களைத் தடுக்காதிருப்போம். இயன்றால் பயணச் செலவில் பங்கேற்போம். எவருக்கு வாக்களிப்பது என்பதைப் பற்றி மட்டும் அவர்களிடம் ஒரு சொல்லும் பேசாதிருப்போம்.

மூன்றாவது, 85 அகவை கடந்தோரும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உடையோரும் கடந்த தேர்தலில் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்யப்பட்டிருந்தது. முன்கூட்டி விண்ணப்பித்தால்தான் அது கிடைக்கும். அத்தகைய முதியோர் இல்லங்களுக்கு இளைஞர் இருவர் சென்று உதவலாம். வாக்குப்பதிவு நாளிலும் அதை ஒட்டியும் திருமணம், யாத்திரை முதலியவற்றை நாம் அமைக்காதிருக்கலாம்.

நான்காவதே இன்றியமையாதது. சாவடிக்குச் செல்வது மட்டும் போதாது. அறிந்து செல்ல வேண்டும். வேட்பாளர் தம் சொத்து, கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் தருகிறார், எவரும் பார்க்கலாம். தெரிந்து தெளிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தது நமக்காகவும்தான். பணமோ பொருளோ வாங்குவதில்லை என்பதும் இந்த விரதத்தின் ஒரு பகுதி.

அடுத்த ஆண்டு தமிழகச் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. அதற்கு முன் வரும் மகாவீரர் ஜெயந்தியன்று, பூசைக்குப் பின், விரும்பியவர் மட்டும் எழுந்து நின்று இதை ஒரு சிறு விரதமாக ஏற்கலாம் என்பது என் விண்ணப்பம். எவரையும் வற்புறுத்த வேண்டா. எழாதவரை எவரும் கேள்வி கேட்கவும் வேண்டா. நான் எழுந்து நிற்பேன்.

தமிழில் "வாக்கு" என்னும் ஒரே சொல் பேச்சையும், உறுதிமொழியையும், தேர்தலில் நாம் அளிப்பதையும் குறிக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு அண்மையாக இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தேன். மூன்று பொருளும் ஒரே இடத்தில் கூடுவதைக் கற்றுக்கொடுத்தவன் அந்தப் பின்வரிசை மாணவன். அவன் இப்போது எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. என்றேனும் எதிர்ப்பட்டு அதே வினாவைக் கேட்டால், இனி முழு விடை சொல்ல என்னால் இயலும்.

 என் சொல்லில் எவர் மனமேனும் நொந்திருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வாழ்க அறம்! வளர்க அருள்நெறி! வணக்கம்.